கையடக்க ஜி.பி.எஸ் ஆன்லைனில் வாங்கும் முன்: ஸ்பெக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேறுபவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், காட்டில் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர்கள், நிலம் அளக்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் கார்மின் என்ற நிறுவனத்தின் பெயர்தான் அதிகம் வரும். விளம்பரம் இல்லை, இந்த வகைக் கருவியில் ஆன்லைனில் கண்ணில் படுவது பெரும்பாலும் அதுதான். விலை எதுவும் எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் மாறும்.

போனிலேயே ஜி.பி.எஸ் இருக்கிறதே, தனியாக எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை. திறந்த வெளியில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். டவர் கிடைக்காத இடத்திலும், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். தனிக்கருவி ஜெயிப்பது மூன்று இடங்களில்: செல் மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஓட்டலாம், ஈரக் கையோடு பொத்தான் அமுக்கலாம், உச்சி வெயிலில் திரை தெரியும். இந்த மூன்றும் உங்களுக்கு வேண்டாம் என்றால் ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கிக்கொண்டு போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பெக் பட்டியலில் முதலில் எதைப் பார்ப்பது?

மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரைக்கும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கார்மினின் ஈட்ரெக்ஸ் வரிசையில் 10, 22எக்ஸ், 32எக்ஸ் மூன்றையும் சின்னப் படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே கதை வேறு. 10-க்குக் கறுப்பு வெள்ளைத் திரை, மெமரி கார்டு போட இடமில்லை, விவரமான மேப் ஏற்றவும் முடியாது. 22எக்ஸ் வண்ணத்திரை, 8 ஜி.பி. உள்நினைவகம், கார்டு வசதி என்று வருகிறது. 32எக்ஸில் அதற்கு மேல் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் சேர்கின்றன. தலைப்பில் 22எக்ஸ், அட்டவணையில் 10-இன் விவரம், பெட்டிப் படத்தில் 32எக்ஸ் என்று மூன்றையும் கலந்து வைத்திருக்கும் விற்பனைப் பக்கங்களும் உண்டு.

வால் எழுத்துகளும் ஏமாற்றும். கார்மினின் இன்னொரு வரிசையான ஜிபிஎஸ்மேப்பில் ‘எஸ்’ என்றால் பொதுவாக சென்சார்கள் உண்டு என்று பொருள். 64எஸ்டி-யில் உள்ள ‘டி’ அமெரிக்க நில மேப் ஏற்றப்பட்டது என்பதற்கு. நமக்கு அதனால் பைசாப் பயனில்லை. ‘சி’ இன்னும் வேடிக்கை: 62எஸ்டிசி-யில் அது கேமரா, 78எஸ்சி-யில் அதே எழுத்து அமெரிக்கக் கடற்கரை வரைபடம்.

அதனால் முழு எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். அங்கே உள்ள ஸ்பெக் அட்டவணை, அப்புறம் பயனர் கையேடு, இந்த இரண்டும்தான் சாட்சி. விற்பனைப் பக்கத்தில் இருப்பதை விளம்பரமாக மட்டும் படியுங்கள்.

தேடினால் மலிவாக நிறைய ஜி.பி.எஸ் வருகிறதே?

அவற்றில் பாதி வண்டியில் ஒளித்து வைக்கும் டிராக்கர். சிம் போட்டால் வண்டி எங்கே என்று உங்கள் போனுக்குச் சொல்லும். கையில் வைத்து வழி பார்க்க முடியாது. சிம் என்ற சொல் இருந்தால் தாண்டிப் போங்கள்.

“1 மீட்டர் துல்லியம்” என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

எந்த நிலையில், எத்தனை சதவீத நேரம் என்று சொல்லாத துல்லியத்துக்கு மதிப்பில்லை. கையடக்கக் கருவிகள் திறந்த வானத்தில் பொதுவாக 3 முதல் 5 மீட்டர் வரை பிழையோடு வேலை செய்யும். மரத்தடியிலும் பாறைச் சரிவிலும் அது 10, 15 என்று போவது சகஜம். தொடர்ந்து ஒரு மீட்டருக்குள் வேண்டுமென்றால், இடம் தெரிந்த ஒரு தரைநிலையத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ திருத்தத் தகவல் வாங்கும் கருவி வேண்டும். அது வேறு ரகம், விலையும் வேறு.

திரையில் தெரியும் ‘துல்லியம் 3 மீ’ என்பதும் கருவியே போட்டுக்கொள்ளும் மதிப்பீடுதான். யாரும் டேப் வைத்து அளந்து சொன்னதில்லை.

நிலம் அளக்க வாங்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். 10 சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 20 மீட்டர். அதில் ஒரே ஓர் எல்லை 3 மீட்டர் தள்ளி விழுந்தால் 60 சதுர மீட்டர் கூடும், அல்லது குறையும். அதாவது ஒன்றரை சென்ட். பத்தில் ஒன்றரை! அக்கம்பக்கத்துச் சண்டைக்கு இது தாராளம்.

அதே 3 மீட்டர் பிழை 5 ஏக்கர் தோப்பில் என்ன செய்யும்? பக்கம் 142 மீட்டர். ஓர் எல்லை நகர்ந்தால் பத்து சென்ட் சொச்சம், 500 சென்டில் இரண்டு சதவீதம். உழவுக்கூலி பேச, சொட்டுநீர்க் குழாய்க்கு உத்தேசம் போட, எத்தனை கன்று நடலாம் என்று பார்க்க இது போதும்.

ஆகவே ஏக்கர் கணக்கில் உத்தேசத்துக்கு என்றால் வாங்கலாம், அதுவும் வரப்பில் ஒரு சுற்று நடந்தால் பரப்பைச் சொல்லும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு. ‘ஏக்கர் மீட்டர்’ என்று விற்கும் சின்னக் கருவிகளுக்கும் இதே வரம்புதான். உள்ளே இருக்கும் ரிசீவரும் அதே வகை, பெயர் மட்டும் வேறு. சென்ட் கணக்கில் வேண்டும், பட்டா, எல்லைத் தகராறு என்றால் எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவை வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரிடம் போவதே வழி.

ஜி.பி.எஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ, நாவிக்: எத்தனை இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் ஜி.பி.எஸ்ஸோடு இன்னொன்றாவது இருக்கட்டும். இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிய வேண்டும். கடலில், வயலில் ஜி.பி.எஸ் ஒன்றுக்கே அதைவிட அதிகம் தெரியும். வால்பாறைப் பக்கமோ அகத்தியமலைப் பக்கமோ ஒரு பள்ளத்தில் நின்றால் வானம் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். அங்கேதான் ரஷ்யாவின் குளோனாஸும் ஐரோப்பாவின் கலிலியோவும் சீனாவின் பெய்டோவும் கைகொடுக்கும்.

இதைவிட முக்கியமான வரி ‘மல்டி பேண்ட்’. பழைய கருவிகள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் கேட்கும். மல்டி பேண்ட் கருவி 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும். பாறையிலும் ஈர இலையிலும் பட்டுத் திரும்பி வரும் சிக்னலைப் பிரித்து ஒதுக்க இந்த இரண்டாவது அலைவரிசை நன்றாக உதவும். ஜிபிஎஸ்மேப் 65-இல் இது உண்டு, ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் இல்லை. அடர்ந்த காட்டு வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கடலுக்கும் சமவெளிக்கும் மட்டும் என்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பேட்டரியையும் அது கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

நாவிக் நம் நாட்டு அமைப்பு, இருந்தால் சந்தோஷம். ஆனால் தொடக்கத்தில் அது எல்5 (மேலே சொன்ன 1176.45), எஸ் என்ற அலைவரிசைகளில் மட்டுமே பொதுச் சேவை தந்தது. எல்லோரும் பயன்படுத்தும் எல்1 வரிசை (1575.42) 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில்தான் வந்தது. அதற்கு முந்தைய, எல்1 மட்டும் கேட்கும் கருவி எதுவும் நாவிக்கைக் கேட்காது, பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

வாஸ், எக்னாஸ் என்ற சொற்களையும் பார்ப்பீர்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் திருத்தத் தகவல் அவை. நம் பக்கத்தில் அதே வேலையைச் செய்வது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன். ஸ்பெக்கில் வாஸ் என்று மட்டும் இருந்தால் ககன் கட்டாயம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

“72 சேனல்” என்றால் நல்லதா?

ஒரே நேரத்தில் எத்தனை சிக்னலைப் பின்தொடரலாம் என்பதுதான் சேனல். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆன்டெனா வகை என்று ஒன்று எழுதியிருக்கிறதே?

தலையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் சுருள் வகை. ஜிபிஎஸ்மேப் 64, 66 அப்படி. நிமிர்த்திப் பிடித்தால் நன்றாக எடுக்கும், தோள்பட்டையில் மாட்டிக்கொண்டு நடக்க வசதி. ஈட்ரெக்ஸ் போன்ற உருண்டைக் கருவிகளில் தட்டை வகை. முகம் வானத்தைப் பார்க்கப் படுக்கை வசத்தில் இருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே சுருள் வகைக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு.

பேட்டரி 25 மணி நேரம் என்கிறார்கள். உண்மையில்?

பின்விளக்கு அணைந்து, திசைகாட்டி ஓய்ந்து, திரையை அதிகம் தொடாமல் வைத்திருந்தால் வரும் கணக்கு அது. நடைமுறையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். ஈட்ரெக்ஸ் 22எக்ஸுக்கு 25, ஜிபிஎஸ்மேப் 64எஸ்ஸுக்கு 16, 2023-இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ-க்கு 168, ஜிபிஎஸ்மேப் 67-க்கு 180 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது. கடைசி இரண்டும் பெரிய பாய்ச்சல்தான். ஆனால் எஸ்இ-யில் மேப் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

மணிக்கணக்கைவிட ‘எந்தச் செல்’ என்பதே பெரிய கேள்வி. இரண்டு டபுள் ஏ, அதாவது பென்சில் செல் போடும் கருவிக்கு எந்தப் பெட்டிக்கடையிலும் உயிர் கிடைக்கும். உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி தினசரிக்கு வசதி. ஐந்தாறு வருடத்தில் அது தளர்ந்தால் சர்வீஸ் சென்டரைத் தேட வேண்டும். நாள்கணக்கில் கடலிலேயே தங்கல் போகும் விசைப்படகுக்கும் வாரக்கணக்கில் காட்டில் இருக்கும் ஆய்வுக் குழுவுக்கும் நான் பென்சில் செல்லையே சொல்வேன்.

ரீசார்ஜ் செல் போட்டால் அமைப்பில் செல் வகையை மாற்ற வேண்டும். அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட். மாற்றாவிட்டால் நிறைந்த செல்லைப் போட்டும் பாதிதான் இருக்கிறது என்று காட்டும். ‘பேட்டரி பழுது’ என்று எழுதப்படும் விமர்சனங்களில் கொஞ்சம் இந்த வகைதான் என்பது என் சந்தேகம். பெட்டியில் செல் இருக்காது, அதையும் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள்.

ஐ.பி.எக்ஸ்.7 என்றால் கடலுக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், ஆனால் அந்த எண் சொல்வது என்ன என்று தெரிந்துகொண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே பாதிக்கும் அளவுக்கு நீர் புகாது என்பதே அதன் பொருள். சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பு வேறு வேலை செய்யும்: யூ.எஸ்.பி. வாயை மூடும் ரப்பர் மூடிக்குள் சொட்டு உப்புநீர் தங்கினால் பித்தளைப் பின் பச்சை பிடித்துவிடும். கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, காய்ந்த பிறகு திறப்பதுதான் சரி.

‘எக்ஸ்’ என்ற எழுத்து தூசுக்கான சோதனை எண் தரப்படவில்லை என்பதைக் குறிக்கும். ஐ.பி.67 என்றால் தூசுக்கு 6, நீருக்கு 7.

படகுக்காரர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு வரி உண்டு: மிதக்குமா? ஜிபிஎஸ்மேப் 78, 79 வரிசை மிதக்கும். ஈட்ரெக்ஸ் கல் போலப் போய்விடும், நீர் புகாமல் அடியில் கிடந்து என்ன பயன்? வலை இழுக்கும்போது இடுப்பிலிருந்து நழுவுவது நடக்கக்கூடியதுதான். நான் கடலுக்கு வாங்குவதாக இருந்தால் மிதப்பதும் பெரிய பொத்தானும் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

திரை?

அங்குலத்தை மட்டும் பார்க்காதீர்கள். 64எஸ்ஸின் 2.6 அங்குலத் திரையில் 160க்கு 240 புள்ளிகள், சிறிய 2.2 அங்குல 22எக்ஸில் 240க்கு 320. மேப் எழுத்து சின்னதில்தான் தெளிவாக இருக்கும், ஆனால் நாற்பது தாண்டிய கண்ணுக்குப் பெரியதுதான் பிடிக்கும். வெயிலில் தெரிய ‘டிரான்ஸ்ஃபிளெக்டிவ்’ என்ற சொல் ஸ்பெக்கில் இருக்க வேண்டும். மழையிலும் மீன் கையிலும் தொடுதிரை சொன்ன பேச்சுக் கேட்காது.

காற்றழுத்த உயரமானி, மின்னணுத் திசைகாட்டி: காசுக்கு உண்டா?

திசைகாட்டிக்கு உண்டு, உயரமானிக்கு யோசிக்கலாம். திசைகாட்டி இல்லாத கருவிக்கு நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும். பாதை பிரியும் இடத்தில் நின்றுகொண்டு கேட்டால் விழிக்கும். மூன்று அச்சு என்று இருந்தால் எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் சரியாகக் காட்டும், இரண்டு அச்சு என்றால் மட்டமாகப் பிடிக்க வேண்டும். ஓடும் படகில் இந்தக் கவலை குறைவு.

உயரமானி அளப்பது காற்றின் அழுத்தத்தை, உயரத்தை அல்ல. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எட்டு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் கணக்கிடும். நம் வெப்ப மண்டலத்தில் புயல், மழை எதுவும் இல்லாத நாளிலேயே அழுத்தம் இரண்டு முறை ஏறி இறங்கும், சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசத்தில். கூடாரத்தில் படுத்தபடியே இருபத்தைந்து மீட்டர் மலை ஏறி இறங்கியதாகக் காட்டினால் கருவியைத் திட்டாதீர்கள். உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துவிட்டுப் புறப்பட்டால் ஏற்ற இறக்கக் கணக்கு அழகாக வரும். அது வேண்டாதவர்களுக்குச் செயற்கைக்கோள் தரும் உயரமே போதும்.

நினைவகம் எவ்வளவு வேண்டும்?

ஜி.பி. கணக்கு மேப்புக்கு. நீங்கள் போன வழியைப் பதியும் தடத்துக்கு வேறு வரி இருக்கிறது: ஒரு தடத்தில் எத்தனை புள்ளி. 22எக்ஸில் 10,000. நொடிக்கு ஒன்று பதிந்தால் மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பத்து நொடிக்கு ஒன்று என்றால் 27 மணி நேரம் தாங்கும். இடக்குறிகள் ஈட்ரெக்ஸ் 10-இல் 1,000, 22எக்ஸில் 2,000. பார், பாறை, வலை கிழிந்த இடம் என்று வருடக்கணக்கில் குறித்து வைக்கும் மீனவருக்கு இது சின்ன விஷயமில்லை. கார்டு வாங்கும்போது 32 ஜி.பி.க்குள் வாங்குங்கள், பல மாடல்கள் அதற்கு மேல் ஏற்காது.

“மேப் ஏற்றப்பட்டது” என்றால் நம் ஊர் மேப்பா?

பல நேரம் இல்லை. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ தயாரான பெட்டியில் அந்த ஊர் மேப்தான் இருக்கும். கவலை வேண்டாம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து செய்த இந்திய, இலங்கை மேப்புகள் கார்மின் வடிவத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேப் ஏற்கும் மாடலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடல் எல்லை வேறு. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு சாதாரண மேப்பில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மீன்வளத் துறையிடம் புள்ளிகளைக் கேட்டு வாங்கி நீங்களே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது வடிவத்தைக் கவனியுங்கள்: 9 பாகை (டிகிரி) 17.250 கலை (மினிட்) என்பதும் 9 பாகை 17 கலை 25 விகலை (செகண்ட்) என்பதும் ஒன்றல்ல. பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் இடையில் 300 மீட்டர் வித்தியாசம்.

பழைய இந்திய நில அளவைத் துறை வரைபடத்தோடு ஒப்பிடுபவர்கள் ‘டேட்டம்’, அதாவது இடத்தைக் கணக்கிட அடிப்படையாக எடுக்கும் புவி மாதிரி, அதன் பட்டியலையும் பாருங்கள். அவை எவரெஸ்ட் என்ற பழைய மாதிரியின் அடிப்படையில் வரைந்தவை, ஜி.பி.எஸ் பேசுவது டபிள்யூ.ஜி.எஸ்.84. மாற்றாமல் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பீர்கள்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும், எஸ்.ஓ.எஸ். பொத்தான் உள்ள மாடல் வாங்கலாமா?

இந்தியாவில் வேண்டாம். கார்மினின் இன்ரீச் போன்ற, இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்குவரை போயிருக்கிறார்கள். ஜிபிஎஸ்மேப் 67 வேறு, 67ஐ வேறு. அந்த ‘ஐ’ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜி.பி.எஸ்ஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பழையது வாங்கலாமா?

மாடல் பார்த்து. ஜி.பி.எஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவி சில, இடத்தைச் சரியாகவும் தேதியை இருபது வருடம் பின்னாலும் காட்டும். தேதி தெரியும் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செல் அறையின் ஸ்பிரிங், யூ.எஸ்.பி. மூடியின் உட்புறம், ஓரத்து ரப்பர் பட்டை, இவற்றின் படமும் கேளுங்கள். பழைய ஈட்ரெக்ஸ்களில் அந்தப் பட்டை பசைவிட்டுக் கழன்று வரும்.

வாரண்டி?

பக்கத்தில் இறக்குமதியாளர் பெயரும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு நாட்டுச் சரக்காக இருக்கலாம், இங்கே வாரண்டி மறுப்பார்கள்.

பெட்டி வந்ததும் என்ன பார்ப்பது?

வாங்கும் அன்றே விற்பனைப் பக்கத்தின் ஸ்பெக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு திருத்திவிட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்காது. பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டி மேல் உள்ள மாடல், வரிசை எண், கருவி முதுகில் உள்ள வரிசை எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். கேபிள் எந்த வகை என்று பாருங்கள், 22எக்ஸில் இன்னும் பழைய மினி யூ.எஸ்.பி.தான், போன் கேபிள் சேராது.

அப்புறம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வானம் தெரிய வைத்து, முதல் முறை என்பதால் சில நிமிடம் பொறுங்கள். இடம் கிடைத்ததும் ஒரு குறி போட்டுவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி அதே இடத்தில் நின்று எவ்வளவு தூரம் காட்டுகிறது என்று பாருங்கள். ஐந்து மீட்டருக்குள் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப இருபது, முப்பது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.